வேடமும் சொந்தக் குரலும்

மாசித் திங்களிலே மலையகத் தோட்டங்களிற் காமன் கூத்து நிகழ்வது மரபு. பலாங்கொடையைச் சூழ்ந்த தோட்டங்களும் அம்மரபுக்கு உரியனவே. கம்பம் ஊன்றப்பட்டுத் தப்பு முழங்கத் தொடங்கிய நாள் முதலாக லயன்களில் வாழ்வோருக்கு வேறு பேச்சில்லை. மதனும் ரதியும் மணக்கோலங் கொண்டு ஆடி வருவர். தவங் கலைக்கச் சென்ற மதன் சிவபெருமானின் நெற்றிக்கண்ணாற் சாம்பராவான். ரதி தலைவிரி கோலமாய் விழுந்து புலம்புவாள். அப்புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் வடிக்காத தாய்மார் அரியர். ஆயின், அங்கே ரதியாகி நின்று புலம்புபவன் பெண்ணல்லன். மரபுப்படி அத்தோட்டத்து இளைஞருள் ஒருவன். பகலிலே கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இரவிலே வளையல் அணிந்து மார்பில் அறைந்துகொள்கின்றது. அதனை எவரும் பழிப்பதில்லை. வேடங் கட்டுவோர் விரதங் காப்பவர் என்ற மதிப்பும் அவனுக்கு உண்டு.

அரிதாரம் கலைந்தபின் நிலைமை வேறு. ஆடவனொருவனுக்காக உருகிய அக்குரல் புடவையோடும் சலங்கையோடும் களைந்து வைக்கப்படுகின்றது. ரதி வேடங் கட்டியவன் ஒவ்வொருவனும் ஆடவரை விரும்புபவன் என்று கொள்வது பேதைமை. அவருட் பெரும்பாலார் மனைவி மக்களோடு வாழ்ந்த சாதாரண குடும்பத்தவரே. ஆனால், அவ்வழியில் வந்தவருள் ஒருவன் உண்மையிலேயே அத்தகைய இயல்பினனாக இருந்திருப்பின், வேடத்தின் துணையின்றித் தன் பெயரால், தன் குரலால், ஒரு வரியேனும் அவன் பாடியிருக்கக் கூடுமோ? இவ்வினாவைத் தமிழ்க் கலை விமரிசனம் நெடுங்காலம் எழுப்பியதில்லை. இசையிலும் வெகுசனக் கலைகளிலும் தன்பாற் காதலை வெளிப்படையாக ஏற்று நிற்றல் என்னும் பொருளை ஆராயப் புகுவார்க்கு முதல் வாசல் இவ்வினாவே.

புராணத்திலும் இதற்கொரு குறிப்பு உண்டு. ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவன் மதனை உயிர்ப்பித்தானெனினும், அவள் கண்ணுக்கு மட்டுமே அவன் உருவுடையவனாய்த் தோன்றுவான் என்று வரங் கொடுத்தான். ஏனையோருக்கு அவன் அனங்கன், உருவிலி. இருவருக்குள்ளே மெய்யாய், ஊராருக்கு இல்லாததாய் ஒரு காதல் இருத்தல் கூடும் என்பதைக் கூத்தாடிகள் கற்றோருக்கு முன்னரே அறிந்திருந்தனர் போலும்.

தமிழ்ச் செவி ஆடவன் வாயினின்று ஆடவனுக்கான காதல் பிறப்பதைக் கேட்டுக் கூசியதில்லை. மார்கழி விடியலிலே தோட்டத்துக் கோயிலிலிருந்து புறப்படும் பஜனைக் கூட்டத்தாருள் மீசை நரைத்த பெரியவர்களும் இருப்பர். அவர்கள் பாடும் திருவெம்பாவை கன்னிப் பெண்களின் கூற்றாக அமைந்தது. அதனை அருளிய மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சர். நம்மாழ்வார் நாயகி பாவத்திலே பராங்குச நாயகியாகின்றார். வேல் பிடித்த திருமங்கை மன்னன் பரகால நாயகியாகி ஏங்குகின்றார். இவற்றைக் கொண்டு அடியார்கள் தன்பாற் காதலர் என்று நிறுவ முற்படுவார் இக்காலத்தே சிலர் உளர். அது பொருந்தாது. அங்கே நாயகன் பரம்பொருள், நாயகி உயிர். சமயத் தத்துவத்தைக் கழற்றி எறிந்துவிட்டு எஞ்சியதை வைத்து வழக்காடுவது நேர்மையான விமரிசனம் ஆகாது. எனினும், ஒன்று மட்டும் கொள்ளலாம்: அக்குரலுக்குத் தமிழ் மரபு இடங் கொடுத்தது, பாத்திரத்தின் பெயரால்.

நாடக மேடையும் அவ்வாறே இடங் கொடுத்தது. பாய்ஸ் கம்பெனிகளில் ஆண்பிள்ளைகளே ஸ்திரீ பார்ட் ஏற்றனர். டி. கே. சண்முகம் ஒளவையாராக நடித்த சிறப்பால் ஒளவை சண்முகம் என்றே வழங்கப்பெற்றார். மராட்டிய மேடையிலே பால கந்தர்வர் புடவை உடுத்த பாங்கைப் பார்த்துக் குலமகளிர் தம் புடவையை உடுத்தப் பழகினர் என்பது வரலாறு. ஆண்கள் கல்லூரிகளில் இவ்வழக்கம் இன்னும் அறவே ஒழிந்துவிடவில்லை. சீதையாகவோ சந்திரமதியாகவோ நடித்த மாணவனுக்குப் பரிசளிப்பு விழாவிலே கைதட்டல் கிடைக்கும். மறுநாள் வகுப்பறையிலே பட்டப்பெயர் கிடைக்கும். ஆசிரியர் ஓய்வறையிலும் அப்பெயர் சில வேளைகளில் நகைப்போடு உச்சரிக்கப்படுதல் உண்டு. மேடைக்கும் வகுப்பறைக்கும் இடையிலுள்ள தூரம் இருபது யார் இருக்கலாம். அத்தூரத்தைக் கடக்கும்போது புகழ் பழியாக மாறுகின்றது.

மேல்நாட்டு இசையுலகை நோக்கின் இம்மாற்றத்தின் படிகள் தெளிவாகத் தெரியும். ஆங்கில இசைமேதை பெஞ்சமின் பிரிட்டனும் பாடகர் பீட்டர் பியர்ஸும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்க்கைத் துணைவராய் இருந்தனர். பிரிட்டன் ஆக்கிய இசையிற் பெரும்பகுதி பியர்ஸின் குரலுக்கென்றே ஆக்கப்பட்டது. அதனை அறியாதார் இலர், சொன்னாரும் இலர். பிரிட்டன் 1976 இல் மறைந்தபோது இரண்டாம் எலிசபெத் மகாராணியார் தம் இரங்கற் செய்தியைப் பியர்ஸுக்கே அனுப்பினார். சொல்லாமலே சொல்லும் நாகரிகம் அது. அடுத்த தலைமுறையிலே ஃபிரெடி மெர்க்குரி வருகின்றார். சன்சிபாரிலே பார்சிக் குடும்பத்திற் பிறந்து, இந்தியாவிலே பஞ்சகனிப் பள்ளியிற் கற்ற ஃபரோக் புல்சாரா என்பதே அவரது இயற்பெயரும் இளமையும். மேடையிலே மறைத்துக்கொள்ள விரும்பாதவராய் ஆடிப் பாடிய அவர், செய்தியாளர் வினவியபோதெல்லாம் நழுவிச் சென்றார். எய்ட்ஸ் நோய் தமக்கிருப்பதை 1991 நவம்பர் 23 ஆம் நாள் அறிவித்து மறுநாளே உயிர் நீத்தார். எல்டன் ஜோன் 1976 இல் ஒரு சஞ்சிகைச் செவ்வியிலே பாதியைச் சொன்னார். பிற்காலத்தே முழுவதையும் சொன்னார். இங்கிலாந்திலே சட்டம் இடங்கொடுத்த முதல் நாளான 2005 டிசம்பர் 21 இல் தம் துணைவரைப் பதிவு செய்துகொண்டார். மௌனம், சைகை, சொல் என இதனை மூன்று படிகளாகக் காணலாம். மூவருள் இசையாற் பெரியவர் பிரிட்டன் என்பதில் ஐயமில்லை. வெளிப்படையாய் இருத்தல் கலையை உயர்த்திவிடும் என்று எவரும் கருதற்க. அது கலைஞன் செலுத்தும் வாடகையைக் குறைக்கின்றது, அவ்வளவே.

இவ்விடத்து ஒரு முரணைக் குறிப்பிடாமற் செல்லுதல் இயலாது. இலங்கைக்கு இது தொடர்பான குற்றவியற் சட்டத்தைத் தந்தது பிரித்தானிய ஆட்சியே. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365, 365அ என்னும் பிரிவுகளால் இதனைக் குற்றமாக்கியது. தந்தவன் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967 இல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டான். பெற்றவனோ 1995 இல் ஆடவர் என்றிருந்ததை ஆள் என மாற்றிப் பெண்களையும் அதனுட் சேர்த்துக்கொண்டான். இப்பிரிவுகளை நீக்கும் நோக்கோடு பாராளுமன்றத்திற் கொணரப்பட்ட தனியுறுப்பினர் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்திலே உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும், 2024 இல் அப்பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது சட்டமாகவில்லை. அந்நியப் பண்பாடு என்று இக்காதலைப் பழிப்பார், அந்நியமானது எது என்பதை ஒருமுறை சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தல் நன்று.

அச்சட்டத்தின் நிழலிலே வாழ்ந்த இலங்கைக் கலைஞருள் லயனல் வெண்ட் தலையாயவர். 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த அவர், இலண்டனிலே சட்டமும் பியானோவும் பயின்று கொழும்பு திரும்பிப் பியானோக் கலைஞராகப் புகழ் பெற்றவர். 1934 ஆம் ஆண்டின் ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப் படத்திலே ஒலிக்கும் குரல் அவருடையது. ஆனால், அக்குரல் சொல்வது 17 ஆம் நூற்றாண்டிற் கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த றொபேட் நொக்ஸின் சொற்களை. தம் சொந்தச் சொல்லை அவர் புகைப்படங்களில் வைத்தார். வெய்யிலும் நீரும் பட்ட மீனவர், உழைப்பாளர் மேனிகளை அவர் படமாக்கிய பரிவில் ஆடவர்மீது கொண்ட நாட்டத்தை இன்றைய விமரிசகர் காண்கின்றனர். பிழையான நோக்கன்று அது. 1953 முதல் அவர் பெயரால் விளங்கும் அரங்கிலே எத்தனையோ தமிழ் நாடகங்களும் மேடையேறின. அவற்றைக் கண்டு திரும்பியோருள் அப்பெயருக்குரியவரின் வாழ்வை அறிந்தார் சிலரேயாவர்.

தமிழ்ச் சினிமாவின் கதைக்கு வருவோமாயின், அங்கே நெடுங்காலம் இருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று கோமாளியின் இடம். மற்றது கொடியவனின் இடம். இடுப்பை வளைத்து நடக்கும் ஆண் வந்தால் கொட்டகை சிரிக்கவேண்டும் என்பது எழுதாத விதி. 2006 இல் வெளிவந்த ‘வேட்டையாடு விளையாடு’ கொலைஞர் இருவரின் கொடுமையையும் அவர்களது உறவையும் ஒரே மூச்சிலே காட்டிக் கண்டனத்துக்குள்ளானது. பாட்டுக்கள் இனியவை, படத்தின் கட்டுக்கோப்புஞ் செவ்விது, அதனாலேயே அப்பழுது ஆழப் பதிந்தது. திறமையற்ற படத்தின் வெறுப்பு ஒரு வாரத்தில் மறையும். திறமையுள்ள படத்தின் வெறுப்பு தொலைக்காட்சியிலே ஆண்டுதோறும் வரும். 2010 இல் வந்த ‘கோவா’ ஆடவர் இருவரைக் காதலராகக் காட்டிற்று. நகைச்சுவைக்காகவே எனினும் அவர்களை இழிவுபடுத்தாது காட்டிற்று என்பது அதற்குரிய புகழ்.

இதற்கு முன்னரே, தீபா மேத்தா 1996 இல் ஆக்கிய ‘ஃபயர்’ என்னும் படத்திலே பெண்கள் இருவரின் காதலுக்கு இசை வகுத்தவர் தமிழராகிய ஏ. ஆர். ரகுமான். 1998 இல் அப்படம் இந்தியாவிலே திரையிடப்பட்டபோது பம்பாயிலும் டெல்லியிலும் கொட்டகைகள் தாக்கப்பட்டன. பின்னர் 2021 இல் கோவிந்த் வசந்தாவின் இசையில், மதன் கார்க்கியின் வரிகளில், ‘மகிழினி’ என்னும் தனிப்பாடல் வெளிவந்தது. இரு பெண்களின் காதலைத் தமிழ்ப் பெயரிட்டுத் தமிழ் மெட்டில் வைத்த முயற்சி அது. ஆங்கிலத்திலே இவ்வியல்பினரைக் குறிக்கும் ‘கே’ என்ற சொல்லின் பழம்பொருள் மகிழ்ச்சியாதலின், மகிழ் என்னும் அடியிற் பிறந்த அப்பெயர் சாலப் பொருந்துவது. அடுத்த ஆண்டு பா. இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ தன்பாற் காதலரை நாடகக் குழுவொன்றின் உறுப்பினராக, ஏனைக் காதலரோடு ஒப்ப அமர்த்தியது. சாதி மறுத்த காதலும் இக்காதலும் ஒரே பாயில் அமர்ந்து பேசலாம் என்ற துணிவு அப்படத்துக்கு உண்டு. ஓரிடத்திற் கதை நின்று பிரசங்கம் நடக்கின்றது என்ற குறையுஞ் சொல்லத்தக்கதே. வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து பாட்டுக் கேட்ட லயன்களிலே இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் தொலைபேசி இருக்கின்றது. இப்பாடல்கள் மலையேறுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

எனினும், இவையெல்லாம் கற்பனைப் பாத்திரங்களின் காதல். ரதி வேடத்தின் புதிய வடிவங்கள் எனினும் பொருந்தும். தன் பெயரைத் தானே முன்வைத்த கலைஞனைக் காணவேண்டின், வியப்பாக, பரத நாட்டியத்திலே காணலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு, வயதுவந்தோர் தம்முள் இசைந்து கொள்ளும் உறவைத் தண்டித்தல் ஆகாதென்று 2018 செப்டெம்பர் 6 ஆம் நாள் ஐவர் கொண்ட அமர்வு தீர்ப்பளித்த வழக்குக்குப் பெயராய் நிற்பவர் நவ்தேஜ் சிங் ஜோஹர். அவர் சென்னைக் கலாக்ஷேத்திரத்திற் பயின்ற பரதக் கலைஞர். பஞ்சாபியராகிய ஒருவர் தமிழ் நிலத்தின் கலையைக் கற்று, தலைவனுக்காகக் காத்திருக்கும் நாயகியின் ஏக்கத்தை முகத்திலும் விரலிலும் காட்டப் பழகியவர். பின்பு அரங்கைவிட்டு இறங்கி, நீதிமன்றத்திலே தம் துணைவரோடு தம் பெயரை எழுதிக் கொடுத்தார். பதத்திலே நாயகியாக நிற்கும்போது கைதட்டிய சட்டம், வீட்டிலே அவராகவே இருக்கும்போது குற்றவாளியென்றது. வேடத்துக்கும் வாழ்வுக்கும் இடையில் இருந்த சுவரை ஒரு நடனக் கலைஞரே வழக்காக்கியது தற்செயலாயிருக்கலாம், பொருத்தமில்லாததன்று.

இலங்கைத் தமிழ் வாழ்விலிருந்து இப்பொருளை முழுமையாக எடுத்தாண்ட நூல் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’. 1965 இற் கொழும்பிலே பிறந்து, 1983 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின்னர்க் குடும்பத்தோடு கனடா சென்ற அவர், தம் இயல்பை மறைக்காது எழுதியவர். 1994 இல் வெளிவந்த அந்நாவல் ஆறு கதைகளாற் கோக்கப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால் அர்ஜி என்னும் தமிழ்ச் சிறுவனின் உள்ளம் தமிழர் பலருக்கு எட்டாமற் போயிற்று என்பது ஒரு குறை. 2020 இல் தீபா மேத்தா அதனைப் படமாக்கியபோது, தமிழ் உச்சரிப்புப் பிழைபட்டது என்றும், தமிழ் நடிகர் போதியளவு சேர்க்கப்படவில்லை என்றும் புலம்பெயர்ந்த தமிழரிடையே எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு நியாயமானதே. காதுக்கு அந்நியமான தமிழைப் பேசுபவன் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகத் தோன்றுவதெங்ஙனம்?

முதற் கதையிலே குழந்தைகள் மணப்பெண் விளையாட்டு ஆடுகின்றனர். மணப்பெண் அர்ஜிதான். புடவையைச் சுற்றி முக்காடிட்டவுடன் தன்னிலும் அழகிய வேறொருவராகித் தான் உயர்வதாக அவன் உணர்கின்றான். மாலினி பொன்சேகா, கீதா குமாரசிங்க முதலிய சிங்களத் திரை நடிகைகளின் ஒளி தன்மேற் படிவதாக எண்ணுகின்றான். வெகுசனக் கலை ஒரு குழந்தைக்கு என்ன செய்கின்றது என்பதை இதனினும் நுட்பமாய்க் காட்டிய பகுதி இலங்கை எழுத்திலே அரிது. திரைப்படத்தைக் குப்பையென்று தள்ளுவோர் இதனைப் படித்தல் வேண்டும். பெரியவர்கள் காணும்வரை அது விளையாட்டு. கண்டபின், அத்தை ஒருத்தி அவனை இழுத்து வந்து கூடத்தில் நிறுத்துகின்றாள். மாமா ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு சொல்லைச் சொல்கின்றார். தகப்பனார் முகங் கறுக்கின்றார். அச்சொல்லே நூலின் தலைப்பு. வேடிக்கை என்றும் விபரீதம் என்றும் இருபொருள்படும் அச்சொல் எப்பொருளில் தன்மேல் வீசப்பட்டது என்று சிறுவன் தடுமாறுகின்றான். தண்டனைச் சட்டக்கோவை அவ்வீட்டிலே எவருக்கும் தேவைப்படவில்லை.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் மிக நெருக்கமானது ஐந்தாவது கதை. ஆண்மையை ஊட்டவேண்டுமென்று தகப்பனார் அர்ஜியை வேறொரு கல்லூரியிற் சேர்க்கின்றார். அங்கே ‘பிளாக் டை’ என்று மாணவர் பட்டஞ் சூட்டிய அதிபர், பரிசளிப்பு விழாவிலே ஹென்றி நியூபோல்ட் என்னும் ஆங்கிலக் கவிஞரின், பள்ளிப் பெருமை பேசும் பாடல்களை ஒப்புவிக்குமாறு அவனைப் பணிக்கின்றார். வரி மறந்தால் அடி விழுகின்றது. அர்ஜியின் அன்புக்குரிய ஷெகான் என்னும் சிங்கள மாணவனோ நீளமுடி வளர்த்த குற்றத்துக்காக அவ்வதிபரின் கத்தரிக்கோலுக்கு இரையானவன். ஆனால் இக்கதை அதிபரைக் கொடியவராக்கி முடித்துவிடவில்லை; இங்கேதான் செல்வதுரையின் ஆற்றல் வெளிப்படுகின்றது. கல்லூரியைச் சிங்கள பௌத்தக் கல்லூரியாக்க விழையும் உப அதிபருக்கு எதிரே நிற்பவர் அவ்வதிபரே. விழாப் பேச்சின் வெற்றியில் அவரது பதவி தங்கியுள்ளது; அவர் பதவியிலே தமிழ் மாணவரின் நலம் தங்கியுள்ளது. தமிழாசிரியர் ஒருவர் அதனை அர்ஜிக்கு எடுத்துரைக்கவுஞ் செய்கின்றார்.

அர்ஜி மேடையேறுகின்றான். பாடல்களை வேண்டுமென்றே குலைத்து, வரிகளை முன்பின்னாக்கி, பொருளற்ற பிதற்றலாக ஒப்புவிக்கின்றான். அதிபரின் பேச்சு சரிகின்றது.

இது இனத்துரோகம் அன்றோ என்று வினவுவார் இருத்தல் கூடும். எளிதிலே தள்ளத்தக்க வினாவன்று. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளிலே தீயைக் கண்ட சபரகமுவத் தமிழருக்கு, தமிழருக்குத் துணையாய் நின்ற ஒருவரை வீழ்த்துதல் எவ்வளவு பெரிய செயல் என்பது விளங்கும். இறுதிக் கதையிலே அர்ஜியின் வீடும் எரிகின்றது. அவனது தமிழ்மை எவருடைய சான்றிதழையும் எதிர்பார்த்து நிற்பதன்று. நூலாசிரியர் அவனைக் குற்றத்தினின்று விடுவிக்கவுமில்லை, கூண்டில் ஏற்றவுமில்லை. இனத்தின் நலம் என்ற பெயரால், தன்னையும் தன் அன்பனையும் அடித்த கையைப் புகழ்ந்து பாடும்படி ஒரு பிள்ளை கேட்கப்பட்டான் என்பதை மட்டும் காட்டுகின்றார். புடவையைப் பறித்துக்கொண்டவர்கள் பின்னர் அவன் வாயையும் இரவல் கேட்டனர். பிறர் பாடலைப் பிழையாகச் சொல்வது ஒன்றே அவ்வேளையில் அவனிடம் இருந்த சொந்தச் சொல். அதிபருக்கு அது அவமானம். தமிழாசிரியருக்கு அது இழப்பு. எவர்பொருட்டு அவ்வரிகள் உடைந்தன என்பதை ஷெகான் அறிவான்.